கழிவு போக எடை

ஹெலிகாப்டருக்குச் சக்கரம் கிடையாது என்பதை எலுமிச்சம்பழம் வாங்கி வந்த பிறகுதான் எங்கள் முதலாளி கவனித்தார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்கியாக வேண்டும். இதற்கு அடியில் இருந்ததோ இரண்டு நீளக் குழாய்கள். பூசாரி நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, குழாய்களின் முனையில் பழங்களைச் சாய்த்து வைத்தார். பைலட் எஞ்சினை முடுக்கியதும் நான்கு பழமும் காற்றில் உருண்டு ஓடுபாதைப் பக்கம் போய்விட்டன. விமான நிலையக் காவலர்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவற்றைத் துரத்திப் பொறுக்கினார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். முதலாளி திரும்பிப் பார்த்த பார்வையில் அன்றைக்கே வேலை போய்விடும் என்று நினைத்தேன். போயிருக்கலாம்.

கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன நகரத்து விமான நிலையம் அது. ஒரு நாளைக்கு நான்கைந்து விமானம் வந்து போகும். மற்ற நேரத்தில் ஓடுபாதை ஓரத்துப் புல்லில் கொக்கு மேயும். தீயணைப்பு நிலையத்தை ஒட்டிய தகரக் கூரை அறைதான் எங்கள் அலுவலகம். கண்ணாடிக் கதவில் வான்வழி ஆம்புலன்ஸ் சேவை என்று நீல எழுத்து. உள்ளே இரண்டு மேசை, மூன்று போன், ஒரு சுவர் நிறைய மலை வரைபடம். நான் அங்கே ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிது, வேலை போன் எடுப்பது. நர்ஸாகப் பத்து வருடம், சாலை ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் ஐந்து வருடம் குப்பை கொட்டியவள் என்பதால் என்னை எடுத்தார்கள். எஸ்டேட்டில் பிறந்தவள், மலைக்காரர்களின் பேச்சும் வழியும் தெரியும் என்பது இன்னொரு காரணம். பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் வாடகை வீட்டில் அப்பாவும் நானும் இருந்தோம். காலையில் பாக்டரி ஷிப்டுக்குப் போகும் வடக்கத்தி ஆட்களோடு நெருக்கியடித்து பஸ் ஏறி, எல்லை தாண்டி வேலைக்குப் போவேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் கெட்டவர் யார் என்று தேடுகிறவர்கள் நேராக அவரிடம்தான் போவார்கள். கிழக்குப் பாலக்காட்டுத் தென்னந்தோப்புக் குடும்பம். அவருடைய அம்மா நெஞ்சுவலியோடு ஆம்புலன்ஸில் போகும்போது சோதனைச் சாவடி லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு, அங்கேயே உயிர் போனது. அதிலிருந்து அவருக்கு ஆகாயத்தின் மேல் பைத்தியம். "ரோட்டுல போனாத்தானுங்க எவனாச்சு மறிப்பான். மேல யாரு மறிக்கிறது?" என்பார். மேலே காற்று மறிக்கும் என்று பைலட் அவருக்குப் பலமுறை சொல்லிப் பார்த்தார்.

பைலட் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மலையாளி. சிரிப்பு என்பது அவருக்குப் பென்ஷனில் வரவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி. எங்களுடையது சின்ன ஹெலிகாப்டர். கீழே நான்கு பேரை அலட்டிக்கொள்ளாமல் தூக்குகிற அதே இயந்திரம், ஐயாயிரம் அடிக்கு மேலே தேயிலைக் காட்டில் வெயில் ஏறிவிட்டால் முக்கும். அங்கே காற்று மெலிசு. பைலட்டும் டாக்டரும் போக, நோயாளிக்கும் பைஸ்டாண்டருக்குமாக எத்தனை கிலோ மிச்சம் என்று ஒவ்வொரு எஸ்டேட் மைதானத்துக்கும் அவர் ஒரு அட்டவணை எழுதி என் மேசையில் ஒட்டியிருந்தார். நோயாளிக்குத் துணை நிற்கிறவரை எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பைஸ்டாண்டர் என்றுதான் சொல்வோம். "எடை எனிக்கு வேணும். ஏகதேசம் வேண்டா," என்பார் பைலட். தோராயமாகச் சொன்னால் கிளம்ப மாட்டார்.

முதல் சில வாரங்கள் போன் அடித்ததெல்லாம் வீண். ஒருவர் கல்யாண மண்டபத்தின் மேல் பூத்தூவ முடியுமா என்று கேட்டார். ஒருவர் இறந்துபோன மாமனாரை ஊருக்குக் கொண்டுபோக என்ன ஆகும் என்று விசாரித்துவிட்டு, உயிரோடு இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று அடுத்து கேட்டார். முதலாளி பொறுமை இழந்துகொண்டிருந்தார். பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேரைச் சொல்லி வைத்திருந்தார். முதல் நோயாளி வந்து இறங்கும்போது படம் வேண்டும். அதற்கு அவர் எனக்குப் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"சொந்தக்காரங்களோட சேந்து எறங்கோணுமுங்க. பேஷண்ட மட்டும் தனியா எறக்குனா பொணம் எறக்கற மாதிரி இருக்கும்."

அப்போது அறையில் இருந்த எல்லோரும் சிரித்தோம்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் எதுவும் விளங்காது. அவர் மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருடம் தராசுக்காரர். பெண்கள் கொழுந்து பறித்து, சாக்கில் கட்டி, தலையில் சுமந்து வந்து வரிசையில் நிற்பார்கள். மூன்று கம்பை முக்காலியாக நட்டு நடுவில் தராசு தொங்கும். சாக்கைக் கொக்கியில் மாட்டினால் முள் முப்பதில் நிற்கும். அப்பாவின் வாய் இருபத்தேழு என்று கூவும். பத்துக்கு ஒன்று கழிவு. சாக்குக்கு, பனி ஈரத்துக்கு, முற்றின இலைக்கு. கோடையில் பனி இருக்காது, கழிவு இருக்கும். கண்ணுக்கும் வாய்க்கும் இடையில் அவர் யோசித்து நான் பார்த்ததில்லை. முப்பதைப் பார்க்கும்போதே நாக்கு இருபத்தேழை எடுத்துவிடும். எங்கள் வீட்டு வாழைத்தாரை நிறுத்தாலும் கழித்துத்தான் சொல்வார், அம்மா திட்டித் திருத்துவாள். வரிசையில் நிற்கும் பெண்கள் யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் மண்ணை வாரித் தூற்றினார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் கழிவு. ஏழாம் வகுப்பு வரைக்கும் வேறு பெயரில் யாரும் என்னைக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. அந்த எஸ்டேட்டை விட்டு வந்ததற்கு நான் எத்தனையோ காரணம் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் ஓடி வந்தேன்.

அந்த எஸ்டேட்டிலிருந்துதான் முதல் அழைப்பு வந்தது. எங்கள் சேவை பற்றிய நோட்டீஸை அங்கே நானே போய் ஒட்டியிருந்தேன், சுடிதாரும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, நாலு பேர் பார்க்கட்டும் என்று.

காலை ஏழே முக்கால் மணி. பேசியவர் அப்பாவுக்குப் பிறகு தராசுக்கு வந்தவர்.

"அக்கா, காட்டுமாடு குத்திருச்சுக்கா. பெரட்டுக்கு வார வழியில. இடுப்பு ஒடைஞ்சு கெடக்கா. கம்பவுண்டர் ரத்தத்தக் கட்டிட்டாரு. ஜீப்புல ஏத்தினா குலுக்கல்லயே உசுரு போயிரும்ங்காரு."

பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். யார் என்று கேட்டேன். சொன்னார். பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவள். கல்யாணம் ஆகி, புருஷன் திருப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. அம்மாவும் மகளுமாக ஒரே லயத்து வீட்டில் இருந்தார்கள், இருவருக்கும் கொழுந்து எடுக்கிற வேலை. அந்த அம்மாவின் சாக்கை என் அப்பா ஆயிரம் முறை நிறுத்திருப்பார்.

"கூட யாரு வாரா?"

"ஆத்தாதான். வேற யாரு இருக்கா அவளுக்கு. ஆத்தா கையப் பிடிச்சவ விட மாட்டேங்கா."

"ரெண்டு பேரு எடையும் வேணும்."

"டிஸ்பென்சரி மிசின் ரிப்பேர்லாக்கா."

அந்த இடத்தில் எனக்கு மூளை வேலை செய்தது. "கொழுந்து தராசு இருக்குல்லா. ஜமுக்காளத்துல வச்சு நாலு மூலையும் சேத்துக் கட்டி மாட்டுங்க. ஆத்தாவையும் அதுலயே நிறுங்க," என்றேன். எதிரே நின்ற முதலாளி தொடையைத் தட்டினார். "மலைக்காரியக் கூட்டியாந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க," என்று டாக்டரிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுமுனையில் போனை அணைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்கள் போலிருக்கிறது. அவளைத் தூக்கிக் கொக்கியில் மாட்டியபோது அவள் போட்ட சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மேசையில் இருந்த போனில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டேன்.

"அக்கா, இவ நாப்பத்தேழு. ஆத்தா நாப்பத்து மூணு."

தொண்ணூறு என்று எழுதினேன். அந்த மைதானத்துக்கு அட்டவணையில் இருந்தது தொண்ணூற்றைந்து. பைலட் எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் ஓகே," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பிறகு நடந்த விசாரணையில் நான் சொன்னது இதுதான்: தராசுக்காரர் பழக்க தோஷத்தில் கழிவு போட்டுச் சொல்லிவிட்டார், எனக்கு அது தோன்றவில்லை. எல்லோரும் நம்பினார்கள். தோன்றியது. நாப்பத்தேழு என்று அவர் வாயிலிருந்து வந்த கணமே தோன்றியது. அந்த ராகம் எனக்குத் தெரியும், அந்த ராகத்தைக் கேட்டே வளர்ந்தவள் நான். கழிவு போட்டா, போடாமலா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். முதலாளி எதிரில் நிற்கிறார், டாக்டர் நிற்கிறார், கேமராக்காரர்களுக்கு வேறு போன் போய்விட்டது. கேட்டால் அதென்ன கழிவு என்று அவர்கள் கேட்பார்கள். நான் என் அப்பாவின் தொழிலை விளக்க வேண்டும். தராசுக்காரர் அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டு, "நீங்க கேக்கியளாக்கா இத?" என்பார். அதோடு, சரியான எடை வந்தால் அம்மாவுக்கு இடம் இருக்காது, முதலாளியின் படத்துக்கு அம்மா இருக்க மாட்டார். ஐந்து கிலோ, பத்து கிலோ, பைலட் எப்போதும் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனையும் ஒரு மூச்சுக்குள் நடந்தது. பயந்து செய்தேன், வெட்கப்பட்டுச் செய்தேன், ஆனால் தெரியாமல் செய்யவில்லை.

சில நாள் கழித்து அப்பாவிடம் அந்த இரண்டு எண்ணை மட்டும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. "அம்பத்திரெண்டு, நாப்பத்தெட்டு. மொத்தம் நூறு," என்றார். பிறகு ஒரு வாய் சோறு விழுங்கிவிட்டு, "பய சரியாத்தான் போட்டிருக்கான்," என்றார். அவர் தட்டைப் பிடுங்கி வீச வேண்டும் போல எனக்கு இருந்தது. மோர் ஊற்றினேன்.

அன்று காலை போனை வைப்பதற்கு முன் தராசுக்காரர் இன்னொன்று கேட்டார். அதையும் சொல்லியாக வேண்டும்.

"அப்போ ஆத்தாவுக்கு ஜீப்பு வேண்டாமாக்கா? கீழ எறங்குத ஜீப்பு ஒண்ணு நிக்கி. இப்பமே ஏத்திவிட்டா மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துருவா. எதுக்கும் அனுப்பிருவமா?"

"வேண்டாம். ரெண்டு பேரும் சேந்தே வரலாம். மக பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க," என்றேன்.

ஜீப் போய்விட்டது.

எட்டரைக்குக் கிளம்பியிருக்க வேண்டிய ஹெலிகாப்டர் பத்து மணிக்குத்தான் கிளம்பியது. பாதித் தாமதம் மலை இடுக்கில் கிடந்த பனிமூட்டத்தால். மீதி, ஒரு கேமராக்காரர் வருகிற வழியில் டீ குடிக்க நின்றதால்; புறப்படும் படம் இல்லாமல் இறங்கும் படம் மட்டும் எப்படி என்று முதலாளி காத்திருந்தார். மேலே பெரட்டுக் களத்தில் அந்தப் பெண் ஜமுக்காளத்தில் கிடந்தாள். அம்மா மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

களத்தில் என்ன நடந்தது என்பதை நான் போனில் பாதி கேட்டேன், மீதியைத் தராசுக்காரர் பிறகு சொன்னார். மகளை ஸ்ட்ரெச்சரில் கட்டி ஏற்றினார்கள். கால் முன்பக்கம், மல்லாக்க. டாக்டர் பக்கத்தில். அம்மாவுக்கு மகளின் தலைக்குப் பின்னால் ஒடுக்கமான இருக்கை. அவர் ஒரு வயர் கூடை வைத்திருந்தார்: ரேஷன் கார்டு, ஆதார், மகளுக்கு மாற்றுச் சேலை, பிளாஸ்க்கில் காப்பி, ஒரு கம்பளி. பைலட் ஹெலிகாப்டரைத் தூக்கிப் பார்த்தார். ஓர் அடி எழும்பி, நடுங்கி, வால் ஒரு பக்கம் இழுத்து, மறுபடி உட்கார்ந்தது. கூடையை இறக்கச் சொன்னார். இரண்டாவது முறையும் அதே. வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. பைலட் திரும்பி அந்த அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாராம், தராசில் நிறுத்துகிற மாதிரி. பிறகு கதவைக் காட்டினார்.

டாக்டரால் இறங்க முடியாது. பைலட் இறங்க முடியாது. நோயாளி இறங்கினால் எதற்குப் பறப்பது. கணக்கு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாவும் எதுவும் கேட்கவில்லை. முப்பது வருடம் தராசு சொன்னதை எதிர்த்துப் பேசாதவர். ஆனால் இறங்குவதற்கு முன் குனிந்து மகளின் காதில் வாயை வைத்துச் சொன்னார். கதவருகே நின்ற தராசுக்காரருக்கு அது கேட்டது.

"நான் பின்னாடிதான் இருக்கேன் தாயி. திரும்பிப் பாக்காத, இடுப்பு வலிக்கும்."

சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி, குனிந்து, காற்றில் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தூரமாக ஓடிப் போனார். ஹெலிகாப்டர் எழும்பியது.

வழி முழுக்க அந்தப் பெண் பேசிக்கொண்டே வந்தாள் என்று டாக்டர் சொன்னார். இளைஞர், ஆலப்புழைக்காரர், எஸ்டேட் தமிழ் அவருக்குப் பாதிதான் புரியும். அவள் ஒரு கையைத் தலைக்குப் பின்னால் நீட்டித் துழாவியிருக்கிறாள். பார்க்கச் சகிக்காமல் டாக்டர் எழுந்து, எக்கி, அந்தக் கையைப் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டார். கையுறை போட்டிருந்தார். "ஆத்தா, கை ஏன் இப்பிடி குளுந்து கெடக்கு?" என்று அவள் கேட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் என்ன அர்த்தம் என்று டாக்டர் அன்று மதியமே ஆஸ்பத்திரியில் என்னிடம் வந்து கேட்டார். சொன்னேன். அவர் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார்.

இறங்கியதும் நான்தான் ஓடிப்போய் டிரிப் பாட்டிலைப் பிடித்தேன். தனியாக இறங்குகிறாளே என்று முதலாளியின் முகம் சுண்டிப் போனது. அடுத்த நொடியே, "நீங்க ஒட்டி நில்லுங்க, ஒட்டி நில்லுங்க," என்றார். நின்றேன். கேமராக்கள் எடுத்தன. அந்தப் படம்தான் இன்றும் எங்கள் விளம்பரத் தாளில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் என்னை அக்கா என்று நினைத்துக்கொள்கிறார்கள். படத்தில் அவள் கண் திறந்திருக்கிறது, என் பக்கம் இல்லை, தலைமாட்டுப் பக்கம் போகப் பார்க்கிறது.

"ஆத்தாவ மெல்ல எறக்குங்க. அவளுக்கு மூட்டு வலி," என்றாள் என்னிடம்.

"எறக்குதோம்," என்றேன்.

"எங்கூடவே வரச் சொல்லுங்க."

"வாராக," என்றேன்.

ஆம்புலன்ஸ் கதவு சாத்துகிற வரைக்கும் அவள் காத்துக்கொண்டிருந்தாள். நகரத்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம்; நானும் கூடவே போனேன். அறுவைக்கு எடுத்துப் போகும்போதும் கேட்டாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் யாரையும் விட மாட்டார்கள் என்று சொன்னேன். அதில் பாதி உண்மை இருந்தது. உள்ளே ரத்தம் நிற்கவில்லை. மூன்று மணி தாண்டிச் சில நிமிடத்தில் முடிந்தது. தராசுக்காரர் சொன்ன ஜீப்பில் அந்த அம்மா காலையிலேயே ஏறியிருந்தால் இரண்டு மணிக்கு அங்கே வாசலில் நின்றிருப்பார். ஸ்கேன் எடுத்து, ரத்தம் தேடி, தியேட்டருக்குள் கொண்டுபோனது இரண்டே காலுக்கு.

அவர் வந்தது ஐந்து மணிக்கு மேல். எஸ்டேட் ஜீப் போய்விட்டதால், காட்டுச் சோதனைச் சாவடி வரைக்கும் கரும்பு ஏற்றிய டெம்போவில் வந்து, அங்கிருந்து யார் யாரையோ கெஞ்சி பஸ் மாறி வந்திருந்தார். கையில் அதே வயர் கூடை. விஷயத்தை ஒரு நர்ஸ் சொன்னாள். அவர் தலையசைத்தார். உள்ளே போய்ப் பார்த்தார், எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போய்விட்டிருக்கலாம். என் வேலை நேரம் முடிந்துவிட்டது. ஏதோ ஒன்று போகவிடவில்லை. அதை நல்ல குணம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடையைக் காலடியில் வைத்தார். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ தராசுக்காரரு மகதான."

"ஆமா."

"எறங்கும்போது நீதான் கூட இருந்தியாம். நர்ஸம்மா சொன்னாக." கூடையின் காதை நிமிர்த்தி வைத்தார். "முழிச்சிருந்தாளா? என்னயக் கேட்டாளா?"

கேட்டாள் என்று சொல்லியிருக்க வேண்டும். இத்தனை பேர் இருக்கிற ஊரில் இதைச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் கேட்டாள் என்றால் அடுத்த கேள்வி, அம்மாவை ஏன் இறக்கிவிட்டார்கள் என்பது. அதற்கடுத்தது எடை. அப்புறம் ஜீப். ஒவ்வொன்றாக வந்து கடைசியில் என் மடியில் விழும் என்று எனக்குத் தெரிந்தது. அதோடு, மகள் தேடித் தேடிச் செத்தாள் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்பு முதல் நினைப்புக்குப் போர்த்திய துணி. இன்றைக்கு அது தெரிகிறது. அன்று இரக்கப்படுகிறேன் என்றே நம்பினேன்.

"இல்லம்மா. மயக்கத்துலயே இருந்தாக. ஏத்தினதுல இருந்தே நெனவு இல்ல. ஒரு வலியும் தெரிஞ்சிருக்காது."

வலி தெரிந்திருக்காது என்றதும் அவர் முகம் ஆறும் என்று எதிர்பார்த்தேன். ஆறவில்லை. எதையோ கணக்குப் பார்க்கிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"ஏத்தினதுல இருந்தேவா?"

"ஆமா."

"அப்போ நான் சொன்னது அவ காதுல விழலையா?"

எனக்கு உடனே புரியவில்லை. களத்தில் அவர் என்ன சொன்னார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவரே சொன்னார். மகளின் காதில் சொன்ன அதே வார்த்தைகளை, அதே மெதுவான குரலில், பெஞ்சில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். பிறகு சொன்னார்:

"டெம்போவுல வார வழியெல்லாம் அத ஒண்ணத்தான் நெனச்சுட்டு வந்தேன். ஆத்தா பின்னாடி இருக்கான்னு நம்பிக்கிட்டுப் போயிருப்பா, பயப்பட்டிருக்க மாட்டான்னு. நாந்தான் எறங்கிட்டேன், அவளுக்கு நான் எறங்கலைன்னு. அவளுக்குக் கேக்கவே இல்லையா?"

நீட்டிய கை, குளிர்ந்த கை, மூட்டு வலிக்கிற ஆத்தாவை மெல்ல இறக்கச் சொன்னது, எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் போதும். அவள் நம்பினாள் அம்மா, கடைசி வரைக்கும் நீங்கள் பின்னால் இருக்கிறீர்கள் என்றே நம்பினாள், என்று இரண்டு வரி. அந்த அம்மாவுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான், அது என் கையில் இருந்தது.

"காப்பி வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

கூடையில் பிளாஸ்க் இருக்கிறது என்றார். காலையில் மகளுக்காக ஊற்றியது. திறந்து பார்க்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சேவை நன்றாக நடக்கிறது. இப்போது எல்லா எஸ்டேட்டிலும் எங்கள் செலவிலேயே ஒரு எடை மிசின் வைத்திருக்கிறோம், எண் ஒளிரும், யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி அதை என் யோசனை என்று எல்லோரிடமும் சொல்கிறார். போன மாதம் மிசின் சரிபார்க்கும் விஷயமாகத் தராசுக்காரரிடம் பேசினேன். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"வேலைக்கு வாராக்கா. நல்லாத்தான் இருக்கா. யாராவது பேச்செடுத்தா மட்டும் அழுவா. எம் புள்ளைக்கு நான் சொன்னது கேக்கல, ஒத்தையிலயே போயிட்டான்னு."

காலை ஆறு மணிக்கு மறையூர் போகிற பஸ் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் லீவு போட்டால் போய்ச் சொல்லிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிடலாம். நான் இன்னும் போகவில்லை.